தாய்க்கு நிகரானவர், நாற்பத்து மூன்று அங்குலம்

ஒரு குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றவள் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்துவிட முடியாது. அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மைசூரில் அது மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வேலை செய்யாது. முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மிகுந்த மரியாதை உண்டு.

என் பெயர் மதலைமுத்து. என்.ஆர். மொகல்லாவில் எங்கள் வீட்டு மாடியில் ரொனால்டும் ஜூலியும் குடியிருக்கிறார்கள். ரொனால்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, ஜூலி நர்ஸ். அவர்களுடைய ஒரே மகள் கேரலுக்கு நாலு வயசு. அவள் இங்கிலாந்துக்காரி.

பிறந்ததென்னவோ மைசூரில்தான். ஆனால் ஜூலிக்கு ஷிஃப்ட், ரொனால்டுக்கு டார்கெட். குழந்தையை வளர்க்கும் பொறுப்பை டிவியில் வரும் ஒரு வாத்துக் குடும்பம் ஏற்றுக்கொண்டது. அந்த வாத்துகள் லண்டன் பக்கம் ஏதோ ஒரு குளத்தில் வசிப்பவை. அதனால் மழை வந்தால் கேரல் கன்னத்தில் கைவைத்து "ஓ டியர், ஓ டியர்" என்பாள். இட்லியைப் பார்த்தால் "லவ்லி!" என்பாள். தண்ணீருக்கு அவள் சொல்லும் சொல் "வோ-அ". நடுவில் இருக்க வேண்டிய எழுத்தை வாத்துகள் விழுங்கிவிடுமாம். முதல் தடவை குழந்தை ஒரு மணி நேரம் "வோ-அ, வோ-அ" என்று அழுத பிறகுதான் தாகம் என்று புரிந்தது. புரிந்ததும் ஜூலிக்குப் பெருமை தாங்கவில்லை.

"கேட்டீங்களா அங்கிள்? ட்டர்-ங்கறதே வரல்ல! அப்படியே லண்டன்!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து, குழந்தையிடம் என்ன குடிக்கிறாய் என்று கேட்டு, பதிலைக் காதாரக் கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் கேட்டேன். பொய் சொல்வானேன், எனக்கும் புல்லரித்தது.

இந்த நிலையில்தான் எல்.கே.ஜி. சேர்க்கை வந்தது. ஊரில் எல்லோரும் ஆசைப்படும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். பொதுப் பட்டியலில் கேரல் இருநூற்றுப் பதினாலாவது ஆள். ஆனால் மொழிச் சிறுபான்மை ஒதுக்கீட்டில் தமிழுக்கு ஏழு இடம் காலியாக இருந்தது. தமிழனாகப் பிறந்ததில் இப்படி ஒரு வசதி இருப்பது ரொனால்டுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரே ஒரு நிபந்தனை. பத்து நாளுக்குள் தாய்மொழி மெய்ப்பிப்புச் சான்றிதழ் வேண்டும். குழந்தை அதிகாரி முன்னால் நேரில் தமிழ் பேசிக் காட்ட வேண்டும்.

வீட்டில் அன்றே பயிற்சி தொடங்கியது.

"கேரல் கண்ணா, 'அம்மா' ஹேளு பாக்கலாம்."

"நோ, தேங்க் யூ, மம்மி."

மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் ரொனால்ட் சோர்ந்துபோய்த் தெரியாமல் ரிமோட் மேல் உட்கார்ந்தான். உடனே வாத்துகள் தமிழ் பேசின. சீரியல் கதாநாயகர்களும் பேசாத தமிழ். ஏதோ டப்பிங் ஸ்டூடியோவில் பிறந்து, வெயில் படாமல் வளர்ந்த தமிழ். அன்று முதல் அந்த வாத்துகளுக்கு ஓய்வே இல்லை.

பத்தாம் நாள் காலை ஜூலி பதறிக்கொண்டு படி இறங்கி வந்தாள்.

"அங்கிள், எழுந்ததுல இருந்து அழறா. 'என் அன்புத் தாயே, எனக்கு ஒரு குவளை நீர் கிடைக்குமா'ங்கறா. குவளைன்னா ஏனு அங்கிள்?"

"டம்ளர்மா."

"அய்யோ, மறுபடி தண்ணியா!"

உள்ளூர்ச் சாட்சி ஒருவர் தேவை என்பதால் நானும் அவர்களோடு அலுவலகத்துக்குப் போனேன். மொழி மெய்ப்பிப்பு அதிகாரி சித்தையன் கொள்ளேகால் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். பக்கத்து மேஜையில் சொல் எண்ணும் பிரிவின் எழுத்தர் பாக்கியலட்சுமி பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"முதல்ல தாயாருங்க," என்றார் சித்தையன். "ஒரே ஒரு வாக்கியம் பேசுனாப் போதுமுங்க."

ரொனால்ட் முந்திக்கொண்டான். "சார், நான் பேசறேனே..."

"தாய்மொழிங்க. தகப்பன் மொழிக்கு எங்ககிட்ட படிவம் இல்லீங்க."

ஜூலி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாங்க மனேல டெய்லி தமிழ்தான் சார் மாத்தாடறது."

வீட்டில் தினமும் தமிழ்தான் பேசுகிறார்களாம். பாக்கியலட்சுமி எண்ணினார். "தமிழ் ரெண்டு, கன்னடம் ரெண்டு, இங்கிலீஷ் ரெண்டு. யாருக்கும் மெஜாரிட்டி இல்ல சார்."

சித்தையன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அம்மணி, மொழிச் சிறுபான்மைன்னா ஊருக்குள்ள சிறுபான்மையா இருக்கோணுமுங்க. வாய்க்குள்ள இருக்கப்படாதுங்க." பிறகு குழந்தை பக்கம் திரும்பினார். "உன்ற பேரென்ன கண்ணு?"

கேரல் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிக்கவும் ஐயா. தாங்கள் கூறியது எனக்கு விளங்கவில்லை."

சித்தையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பாக்கியலட்சுமியின் பென்சில் முனை முறிந்தது.

"ஆறுக்கு ஆறு சார்!"

"முப்பது வருச சர்வீசுல இப்படி ஒரு தமிழை நான் கேட்டதில்லீங்க," என்றார் சித்தையன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் ஃபேன் நின்றது. கேரல் கையை உயர்த்தி, "நண்பர்களே, நாம் ஆபத்தில் இருக்கிறோம்! விரைந்து செயல்படுவோம்!" என்று முழங்கினாள். அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் உச்சரித்திராத சொற்கள். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

படிவத்தில் ஏழாவது கேள்விதான் பாக்கி. 'மேற்படி மொழியைக் குழந்தை யாரிடமிருந்து பெற்றது? தாய் அல்லது தாய்க்கு நிகரானவரின் பெயர்.'

"வாத்து அன்னையிடமிருந்து," என்றாள் கேரல்.

"வாத்து எங்க குடியிருக்குதுங்க?"

"டிவில சார்," என்றான் ரொனால்ட்.

"டிவி எங்க குடியிருக்குது?"

"எங்க ஹால்ல."

"அப்ப உள்ளூர் முகவரி இருக்குது. ஒரு தொந்தரவும் இல்லீங்க." சித்தையன் எழுத ஆரம்பித்தார். "எத்தனை அங்குலமுங்க?"

ஜூலிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "சார், பெத்தவ நானு! ஹத்து கண்டே லேபர்ல இருந்து பெத்தேன்! முழுசா பத்து மணி நேரம்!"

"பெத்ததை யாரும் இல்லைங்கலீங்க. அது பிறப்புச் சான்றிதழ். அதுக்கு மாநகராட்சிக்குப் போகோணும். இங்க பேச்சு மட்டுந்தானுங்க."

ஜூலி வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் எண்ணிவிடுவார்களே என்ற பயத்தில் மூடிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ரொனால்ட் அவள் காதோடு, "சும்னே இரு ஜூலி, சீட் முக்கியம்," என்றான். நானும் தலையாட்டினேன்.

டிவியின் பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்டார்கள். அணைத்திருக்கும்போது எடுத்த படம் செல்லாது, தாயின் கண் திறந்திருக்க வேண்டும் என்றார் பாக்கியலட்சுமி. ரொனால்ட் வீட்டுக்கு ஓடிப்போய், டிவியைப் போட்டுவிட்டுப் படம் எடுத்து வந்தான். கடைசியில் சாட்சிக் கையெழுத்து. 'மேற்படி தாயிடம் பெற்ற மொழியைத் தவிர வேறு எதையும் இக்குழந்தை பேசி நான் கேட்டதில்லை' என்ற உறுதிமொழியின் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இங்கிலீஷில் போட்டேன். சித்தையன் என்னைப் பார்த்தார். பழக்கதோஷம் என்றேன். அவரும் இங்கிலீஷிலேயே போட்டு முத்திரை குத்தினார்.

சீட் கிடைத்தது. வீட்டில் கேக் வெட்டினார்கள்.

இரண்டாவது வாரம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் மகள் வகுப்பில் எந்நேரமும் தமிழ் பேசுகிறாள். வளாகத்தில் ஆங்கிலம் மட்டுமே அனுமதி. பதிவேட்டில் கண்ட தாய் வெள்ளிக்கிழமை நேரில் வரவும்.'

பதிவேட்டில் கண்ட தாயைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். ஜூலி லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தாள். எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் பள்ளி வாசலுக்குப் போனதும் வெட்கம் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே வரிசை நின்றது. நாலு டிவி, ஒரு டேப்லட், கடைசியில் யாரோ ஒருவர் கையில் கண்ணாடி கீறிய செல்போன். பெற்றவர்களை எதிரே வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஏழாவதாக ரொனால்ட் டிவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். "டீச்சர் என்னைப் பாக்கவே இல்ல அங்கிள். டிவியைப் பாத்து, 'வீட்ல குழந்தைகிட்ட இங்கிலீஷ்லயே பேசுங்க'ன்னாங்க. நான்தான் அது சார்பா சரின்னேன்."

"எந்த இங்கிலீஷ்?" என்றேன்.

"பழைய வாத்துதான்."

பள்ளி மணி அடித்தது. கேரல் கேட்டைத் தாண்டி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் ஜல்லியில் சறுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம். ஒரு விநாடி அவளுக்கு எந்த வாத்தும் நினைவுக்கு வரவில்லை. வீறிட்டு அழுதாள்.

"மம்மி, நான் பித்துபிட்டேன், பேக வா, ப்ளீஸ்!"

விழுந்துவிட்டேன், சீக்கிரம் வா என்கிறாள். நான் என்னையறியாமல் விரல் விட்டு எண்ணினேன். தமிழ் ரெண்டு, கன்னடம் ரெண்டு, இங்கிலீஷ் ரெண்டு. இந்த மொழி உலகத்திலேயே ஜூலி ஒருத்தியிடம்தான் கிடைக்கும். அவள் குழந்தையிடம் ஓடினாள். முட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் வாயைப் பொத்தினாள்.

"ஷ்ஷ்! மெல்ல, கண்ணா! டீச்சர் காதுல விழுந்தா சீட் ஹோகிடும்!"

ரொனால்ட் டிவியைக் கீழே வைக்காமல் கேட்டைப் பார்த்தான். நானும் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். சாட்சிக் கையெழுத்து என்னுடையது அல்லவா.