கேரவன் ஏழு முறை சுற்றிய ஊர்

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

கோரா எழுதிக்கொள்வது. அத்தை, மாமா, நான் மூவரும் நலம். இந்த நலம் நாளைக் காலை ஒன்பது மணி வரைக்கும்தான். ஒன்பது மணிக்கு மாமா இந்த முப்பத்து நான்கு அடிக் கேரவனை மலைக் கணவாயில் ஏற்றப் போகிறார். அந்தச் சாலையோரத்தில் தடுப்பே கிடையாது. கீழே ஆறு நூல் மாதிரி தெரியுமாம். அதற்குள் நீங்கள் காரில் வந்து என்னை நெப்ராஸ்காவுக்கு, நம் வீட்டுக்கு, அழைத்துப் போய்விட வேண்டும். இங்கே போனில் சிக்னல் இல்லை. அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்து ரகசியமாக எழுதுகிறேன். கையெழுத்தை மன்னிக்கவும்.

மலையை நினைத்து மட்டும் பயப்படவில்லை. அத்தையும் மாமாவும் நேற்று மாலையிலிருந்து பேசிக்கொள்வதில்லை. கேரவன்கள் இரவு தங்கும் முகாமில் மாமா வண்டியைப் பின்னால் எடுத்தார். அத்தை வழக்கம்போல் பின்னே நின்று கையால் வழி காட்டினார். பக்கத்து இடத்துக்காரர்களின் மர மேசை, அதன் மேலிருந்த உருளைக்கிழங்கு சாலட்டோடு சாய்ந்தது. மாமா இறங்கி வந்து, "நீ கையாட்டுனது கொசு விரட்டுற மாதிரி இருந்துச்சு, மார்லீஸ்" என்றார். அத்தை சும்மா இருப்பாரா? "இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் வாசல்ல நின்னு, பிள்ளைங்க ரோட்டைக் கடக்க, இந்தக் கையைக் காட்டித்தான் லாரியையே நிறுத்துனேன். நீங்க நாப்பது வருஷமா பல்லு பிடுங்கினவரு. வாயைத் திறந்து வச்சவங்க யாரும் உங்களுக்குப் பதில் பேசினதில்ல. இப்ப மட்டும் அடுத்தவங்க சொல்றது புரியுமா?" அதோடு பேச்சு நின்றது.

அதனால் வந்த வினையைக் கேளுங்கள். தினமும் கிளம்பும் முன் அத்தை ஒரு நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பார். மாமா "ஆச்சு" என்பார். படியை மடக்கியாச்சா, தண்ணீர்க் குழாயைக் கழற்றியாச்சா, கூரை ஆன்டெனாவை இறக்கியாச்சா என்று மொத்தம் பதினாறு கேள்விகள். இன்று காலை அத்தை நோட்டை மடியில் மூடி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மாமா சாவியைத் திருகினார். பதினாறும் எனக்கு மனப்பாடம். ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

இப்படித்தான் பைன் கல்ச் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனோம். அங்கே இருப்பது ஒரே தெரு, அதில் எங்கள் வண்டியை நிறுத்த இடமில்லை. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று இருவருக்கும் தெரியும். யாராவது வாயைத் திறந்தால்தானே. ஆகவே சுற்றினோம். முதல் சுற்றில் அத்தை சுரங்க அருங்காட்சியகத்தில் இறங்கினார், இரண்டாம் சுற்றில் ஏறிக்கொண்டார். மூன்றாம் சுற்றில் நான் இறங்கிச் செர்ரி பை வாங்கினேன், நான்காம் சுற்றில் ஓடி ஏறும்போது அதில் பாதி தெருவில் விழுந்தது. தெருக்கோடியில் இருக்கும் அருவியை நான் பார்த்தது, ஒரு மான் எங்களுக்கு முன்னால் தெருவைக் கடக்க வண்டி நின்ற நேரம் மட்டும். அந்த மானும் அவசரத்தில் இருந்தது. அந்த ஊர் வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம் என்று நம்பிக் காலையிலேயே நீச்சலுடை போட்டுக்கொண்டவள் நான், அப்பா. ஏழு சுற்றும் அதோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

தெரு நெடுக ஜனங்கள் கையாட்டினார்கள், சிலர் கூடவே ஓடி வந்தார்கள். "பாத்தியா கோரா, மலை ஜனங்க எவ்வளவு பாசக்காரங்க" என்று மாமாவும் ஹாரன் அடித்துக் கையாட்டினார். ஏழாவது சுற்றில் ஒரு போலீஸ்காரர் எங்களை மறித்தார். "சார், எங்க ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின பேனரைக் கொஞ்சம் குடுக்குறீங்களா? இப்பத்தான் கட்டினோம், அஞ்சாவது ரவுண்டுலேருந்து இழுத்துக்கிட்டுப் போறீங்க." தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த பேனர், இறக்காத ஆன்டெனாவில் மாட்டி, கல்யாண கவுனின் வால் மாதிரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் "நல்வரவு" என்பது மட்டும் புழுதி படாமல் இருந்தது.

அப்போதும் இருவரும் நேராகப் பேசவில்லை. மாமா என்னிடம், "உங்க அத்தை கேட்டிருந்தா இறக்கியிருப்பேன்" என்றார். அத்தையும் என்னிடமே, "உங்க மாமா கேக்கச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்" என்றார். நான் என்ன தபால்காரியா? துணி பேனருக்கே இந்தக் கதி என்றால், நாளை மலைமேல் பிரேக்கைப் பற்றி யார் யாரைக் கேட்பது? தயவுசெய்து ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. தம்பி நன்றாக இருக்கட்டும், என் சைக்கிளைத் தொடாத வரைக்கும்.

உங்கள் சொல் தட்டாத மகள்,
கோரா

பி.கு.: அத்தை டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. நோட்டை என் தலையணையில் வைத்து, "நாளைக்கு நீ படி. நீ கேட்டா அவர் பதில் சொல்லுவாரு" என்றார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "சத்தமாப் படிக்கச் சொல்லு" என்று மாமாவின் குரல் வந்தது. "நீங்க மொதல்ல சத்தமாப் பதில் சொல்லுங்க" என்றார் அத்தை. நேற்று மாலைக்குப் பிறகு இதுதான் முதல் பேச்சு. ஆகவே நீங்கள் வர வேண்டாம். தவிர, இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர நான்கு நாளாகும் என்று இப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு கணவாய்கள் இருக்கின்றனவாம். பள்ளி திறக்கும் வரை நான் இங்கேயே இருக்கட்டுமா? நோட்டில் பதினேழாவதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "ரெண்டு பேரும் பேசியாச்சா?" அதற்கு இரண்டு "ஆச்சு" வராமல் மாமாவைச் சாவியைத் திருக விட மாட்டேன்.