மாமியார் பெயரில் ஒரு துளி ரத்தம்

லேப் டெக்னீஷியனுக்குக் காலையிலிருந்தே நெஞ்சில் சுருக் சுருக்கென்று குத்தியது. முந்தின நாள் மாமியார் அவருடைய தொப்பையை ஒரு பார்வை பார்த்திருந்தார். அந்த ரோஷத்தில் பூங்காவை ஓடி ஓடிச் சுற்றியதால் வந்த வலி என்று மனசைத் தேற்றிப் பார்த்தார். அது தேறுவதாக இல்லை.

ட்ரோபோனின் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. ஆனால் சொந்தப் பெயரில் பார்த்தால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்து, மனைவி காதுக்கும் போய்விடும். போன மாதம் இதே ஆஸ்பத்திரி டாக்டரிடம் செக்கப்புக்குக் கூட்டிவந்த மாமியாரின் பேஷண்ட் நம்பர் கம்ப்யூட்டரில் இருந்தது. தன் ரத்தத்தை எடுத்து, ட்யூபில் அந்த நம்பரை ஒட்டி மிஷினில் வைத்தார்.

ரிசல்ட் சிவப்பில் வந்தது. அவசரமாக அழிக்கப் போனார். சிவப்பு வந்தால் டாக்டருக்கும் தானாகவே போய்விடும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன் அடித்தது. "உங்க மாமியார் எந்த வார்டுல இருக்காங்க?" என்றார் டாக்டர்.

"வீட்டுல இருக்காங்க டாக்டர். நல்லாத்தான் இருக்காங்க."

"இந்த ரிசல்ட்டோட வீட்டுலயா? இப்பவே வந்தா சரி பண்ணிடலாம். ஆம்புலன்ஸ் அனுப்புறேன்."

டெக்னீஷியன் மனைவியைக் கூப்பிட்டார். "ஆம்புலன்ஸ் வரும். அத்தையை அனுப்பாதே. அவங்க ரத்தத்துல ஒண்ணும்..."

"ஐயோ, அம்மா ரத்தத்துல என்னங்க?" என்றவள் மிச்சத்தைக் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போய் உண்மையைக் கக்கினார். டாக்டர் திட்டிக்கொண்டே அவரைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார், மறுபடி ரத்தம் எடுத்தார். அந்தக் களேபரத்தில் ஆம்புலன்ஸைத் திருப்பி அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. தலை வாராமல் ஆம்புலன்ஸில் ஏற மாட்டேன் என்று மாமியார் அடம்பிடித்ததில், அவர் வந்து சேர்வதற்குள் இரண்டாவது ரிசல்ட்டே வந்துவிட்டது.

"அளவு ஏறல, இறங்கியிருக்கு. பழக்கமில்லாம ஓடுனா இப்படி வரும். பிழைச்சீங்க," என்றார் டாக்டர். டெக்னீஷியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் மாமியாரிடம் திரும்பினார். "மன்னிச்சுக்கோங்கம்மா, உங்க மாப்பிள்ளை பண்ணின கூத்து இது. அவர் ரத்தத்தை உங்க பேர்ல போட்டுட்டார். நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலைகுனிந்து நின்றார் டெக்னீஷியன். மாமியார் டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா நெஞ்சை அடைக்குதுன்னு நான் யார்கிட்டயும் வாயே திறக்கலையே மாப்பிள்ளை, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"