மச்சான் கொடுத்த நாவலால் வந்த வினை

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் உடலளவில் நலம். தாங்களும் அக்காவும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டும். போன முறை வந்தபோது தங்கள் தங்கைக்கு ஒரு பழைய இந்தி நாவலின் தமிழாக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் அதன் பின்னட்டையை மட்டும் படித்தேன். பெண்களையும் சமூக ஒழுக்கத்தையும் பற்றிய உயர்ந்த படைப்பு என்று போட்டிருந்தது. மச்சானுக்குத் தங்கை மேல் எத்தனை அக்கறை என்று மனம் குளிர்ந்தேன். குளிர்ந்த மனத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பது தங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அது என் குற்றமல்ல, பல முறை சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மாடியில் ஒரு பெண் தனியாகக் குடிவந்திருக்கிறாள். கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார், புருஷன்தான் விட்டுவிட்டான் என்று பல் டாக்டர் சொன்னார், எப்படியானாலும் தப்பு அவள் மேல்தான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நேரங்கெட்ட நேரத்தில் வருகிறாள், ஒரு வேன் வந்து இறக்கிவிடுகிறது, படியேறும்போது பாட்டு முணுமுணுக்கிறாள் என்று புகார்மேல் புகார். வேன் ஆஸ்பத்திரி வேன்தான், கொட்டை எழுத்தில் பெயரே போட்டிருக்கிறது. ஆனால் பாட்டுக்கு என்ன சமாதானம்? ஆகவே அவளைக் காலி செய்யச் சொல்வதென்று, ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் முன்னறையில் கூட்டம் போட்டேன். மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர், வக்கீல், ரிட்டயரான பேங்க்காரர், நான் என்று கமிட்டி ஐந்து பேர். வீட்டுப் பெண்களும் வந்து கேட்டுத் திருந்தட்டும் என்று சுற்றறிக்கை விட்டேன்.

கூட்டத்தைச் சும்மா தொடங்குவானேன், மச்சான் கொடுத்த நூலிலிருந்து ஒரு பகுதியை வாசித்துத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய நேரம் சரியில்லை. தங்கள் தங்கையிடம் சொன்னேன். “எந்த எடம் படிக்கணும்?” என்றாள். ஒழுக்கம் வருகிற இடமாகப் பார்த்துப் படி என்றேன். “எல்லா எடத்துலயும் அதாங்க வருது,” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த பக்கத்தைப் பிரித்தாள்.

மச்சான், அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தியை ஊரைவிட்டும் துரத்தப் பெரிய மனிதர்கள் கூடியிருக்கிறார்கள். ஒருவர் அவள் முகத்தையே பார்த்ததில்லையாம், ஆனால் அவள் போகிற வருகிற நேரமெல்லாம் ஜன்னல் வழியாக அத்துப்படியாம். மருந்துக்கடைக்காரர் பல் டாக்டரைப் பார்த்தார். இன்னொருவர் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று கண்ணீர் விடுகிறார், அவருக்குப் பிள்ளையே கிடையாது. பல் டாக்டர் பேங்க்காரரைப் பார்த்தார். கூட்டம் நடத்துகிறவர் தன் குரலைத் தானே ரசித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். எல்லோரும் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதை எழுதின ஆள்மேல் அவதூறு வழக்குப் போடலாமா என்று பேங்க்காரர் வக்கீலின் காதில் கேட்க, அவர் செத்துப் பல காலம் ஆகிறது என்று வக்கீல் வருத்தத்தோடு சொன்னார்.

இந்த நேரம் பார்த்து அந்தப் பெண் வேலை முடிந்து நேராக வந்து வாசலில் நின்றாள். விளக்கம் கேட்க நாங்கள்தான் வரச்சொல்லியிருந்தோம். நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. தங்கள் தங்கை எழுந்து, தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, நின்றபடியே மீதியைப் படித்தாள். அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவர்கூட “நீ எங்கே போவாய்?” என்று அவளைக் கேட்கவில்லை என்று அந்தப் பகுதி முடிகிறது. பிறகு அந்தப் பெண்தான் பேசினாள். “முடிவு என்னன்னு சொல்லிட்டீங்கன்னா, நாளைலேர்ந்து வேற வீடு பார்க்க ஆரம்பிச்சுடுவேன்.”

சீட்டில் எழுதி ஓட்டுப் போட்டோம். வக்கீல் பிரித்துப் படித்தார். காலி செய்யட்டும் என்று ஒரே ஒரு சீட்டு; மற்ற நாலும் இருக்கட்டும் என்றன. கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் பேங்க்காரர் அந்த ஒரு சீட்டு தன்னுடையது என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். இல்லை, என்னுடையது என்றார் பல் டாக்டர். மருந்துக்கடைக்காரரும் வக்கீலும் அப்படியே சொன்னார்கள். நான் மட்டும் சளைத்தவனா? எல்லாக் கதவுக்கும் கேட்கும்படி, அந்தச் சீட்டு என்னுடையதுதான் என்று சத்தியம் செய்தேன்.

அன்றிலிருந்து தங்கள் தங்கை என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. “செயலாளருக்குச் சாப்பாடு மேஜைமேல இருக்கு,” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். மாலையானால் எல்லாப் பெண்களும் மூன்றாம் மாடியில் கூடி அந்த நாவலைப் படிக்கிறார்கள். இப்போது பாட்டு பல குரல்களில் கேட்கிறது. தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கைக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லி, புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள். இப்போதைக்கு என்னிடம் மிச்சமிருப்பவை இவைதான்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்

பின்குறிப்பு: வர வேண்டாம். புத்தகம் இங்கேயே இருக்கட்டும். அந்த ஒரு சீட்டு என்னுடையதல்ல. இதைத் தங்கள் தங்கைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.