மூலோபாயத்தாரும் பிரிக்காத பெட்டியும்

ஒரு கேள்விக்கும் 'ஓம்' என்றோ 'இல்லை' என்றோ நேராகப் பதில் சொல்லாமலே ஒரு மனிதன் ஐம்பது வயது வரை வாழலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் எங்கள் மூலோபாயத்தார். சின்ன வயதில் 'சோறு போடட்டோ?' என்று தாய் கேட்டபோது என்ன சொல்லிப் பிழைத்தாரோ, தெரியாது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துக் கரையில் எங்கள் கொழும்புத்துறையில் அது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. எங்கள் பெண்கள் நண்டுச் சங்கத்துக்கு ஒரு கணனியும் அதோடு பொருத்துகிற டிஜிட்டல் தராசும் நன்கொடையாக வந்தபோது, பெட்டிகளோடு பெட்டியாக அவரும் வந்து இறங்கினார். 'தகவல் தொழில்நுட்ப மூலோபாய ஆலோசகர்' என்று தன்னை அறிமுகப்படுத்தினார். அவ்வளவையும் சொல்லிக் கூப்பிட எங்கள் பெண்களுக்கு மூச்சுக் காணாது. மூலோபாயம் என்றால் வேலை தொடங்க முதல் போடுகிற பெரிய திட்டமாம்; அதை மட்டும் வைத்து, வெட்டிச் சுருக்கி மூலோபாயத்தார் ஆக்கிவிட்டார்கள்.

நான் அந்தச் சங்கத்துத் தராசுக்காரி. வள்ளங்களில் வருகிற நண்டை நிறுத்து, நிறையைக் கூவிச் சொல்கிறவள். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான், குரல் நிறைய. கூவினால் பக்கத்து ஊர் அரியாலை வரைக்கும் கேட்கும். தராசடியில் நிற்கிற வரைக்கும்தான் இந்தத் துறையில் நான் ஒரு ஆள். "புதுத் தராசு தானே நிறுத்து, தானே கணனிக்குச் சொல்லுமாம் மாமி" என்று சங்கத் தலைவி சந்தோசமாகச் சொன்ன அன்றே எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெட்டி திறக்கிற நாள் நான் வீட்டில் குந்துகிற நாள்.

தலைவி கத்தியோடு பெட்டிக்குக் கிட்டப் போனாள். மூலோபாயத்தார் குறுக்கே பாய்ந்தார்.

"தங்கச்சி, கத்தியை வையுங்கோ! மூலோபாயம் இல்லாமல் பெட்டி திறக்கிறதோ? கடல் எது எண்டு தெரியாமல் வள்ளம் இறக்குவியளோ?"

"கடல் உதிலைதானே கிடக்கு?"

"உது நீங்கள் நினைக்கிற கடல்" என்றார் அவர்.

சுவர் நிறைய ஒரு தாளை ஒட்டினார். உச்சியில் 'தூரநோக்கு'. அதற்குக் கீழே கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறிகள். எங்களைப் பாயில் இருத்திவிட்டுக் கேட்டார்:

"நாங்கள் இப்ப எங்கை நிக்கிறம்?"

"நிக்கேல்லை, இருக்கிறம்."

"சரி, இனி எங்கை போகப் போறம்?"

"வீட்டை. உலை வைக்கோணும்."

அவர் அசரவில்லை. இரண்டையும் தாளில் எழுதினார்.

ஒருநாள் பாவம் பார்த்து, "தம்பி, தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டேன்.

"உடனை சொல்லேலாது அக்கா. முதல்லை தேவையைப் பாக்கோணும். உது தாகமோ, பழக்கமோ?"

அவர் பார்த்து முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆனால் எழுபது தாண்டின என்னை 'அக்கா' என்ற மனிதன். மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன்.

கொடுத்தபோதுதான் யோசனை வந்தது. இவர் ஆராய்கிற வரைக்கும் பெட்டி திறக்காது. பெட்டி திறக்காத வரைக்கும் தராசு என் கையில். அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்றேன்.

"தம்பி, மாரி வெள்ளம் உள்ளை வந்தால் கணனி என்ன செய்யும்?"

அவர் முகம் தீபாவளியாகிவிட்டது. "அக்கா! உதுதான் அபாய ஆய்வு!"

தாளில் ஒரு புதுக்கட்டம். அது ஒரு மாதம் ஓடியது. முடியப் போகிற நேரம், "எலி வயரைக் கடிச்சால்?" என்றேன். இன்னொரு கட்டம். "கரண்ட் நிண்டால்?" "கணனி பழகின பிள்ளை கலியாணம் முடிச்சுக் கனடா போனால்?" தாளில் இடம் போதாமல் பக்கத்துச் சுவருக்கும் போனார். பெட்டிக்குப் பின்னால் பூனை குட்டி போட்டது. நண்டு சம்பந்தமாகப் பூனைக்கும் அக்கறை உண்டு என்று அதையும் 'அக்கறையுள்ள தரப்பினர்' கட்டத்தில் எழுதினார். "மாமி, உந்த விசரனுக்கு நீங்கள்தான் எண்ணெய் ஊத்துறியள்" என்று தலைவி பல்லைக் கடித்தாள்.

கடைசியில், எங்கள் நண்டை வாங்குகிற கொழும்புக் கம்பனியின் முகாமையாளர் நேரிலேயே வந்து நின்றார்.

"என்ன, பெட்டி இன்னும் திறக்கல்லையா? இன்றைக்கே கணக்கு கணனியில வரணும். இல்லையென்றால் நாங்க வேற சங்கத்தைப் பார்க்கிறோம்."

எல்லாப் பெண்களும் பெட்டியைப் பார்த்தார்கள். அத்தனை வீட்டு அடுப்பும் அந்த நண்டில்தான் எரிகிறது. அதற்கு மேல் கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை. கத்தியை எடுத்துத் தலைவியின் கையில் கொடுத்தது நான்தான்.

பெட்டி திறந்தது. முகாமையாளர் புதுத் தராசைத் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இனி இந்த அம்மா தேவையில்லையே. ஆளைக் குறைக்கிறதும் உங்கட திட்டத்தில இருக்குத்தானே?"

தலைவி நிலத்தைப் பார்த்தாள். நான் நிமிர்ந்து நின்றேன். கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. மூலோபாயத்தார் தொண்டையைச் செருமினார். ஆய்வும் கட்டமும் வரப்போகிறது, பொழுதுபடும் என்று எல்லோரும் கால் மாற்றி நின்றோம்.

"இல்லை" என்றார்.

அவ்வளவுதான். தலைவிக்கு வாய் மூடவில்லை.

"ஏன்?" என்றார் முகாமையாளர்.

"நான் எத்தினையோ கந்தோருக்கு, சங்கத்துக்கு மூலோபாயம் போட்டுக் குடுத்தனான். எல்லாரும் தலையாட்டிப்போட்டு மிசினைப் பொருத்துவினம், மழை வர அது செத்துப்போம். கேள்வி கேட்டது இவ ஒரு ஆள்தான். உந்தச் சுவரிலை அரைவாசி அக்கான்ரை. கணனிக்கு முன்னாலை இருக்கப் போறவ அவதான்."

நான் ஏன் கேட்டேன் என்பதை மட்டும் அந்த மனிதன் ஆராயவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது கணனிக்கு முன்னால் எனக்கு ஒரு கதிரை. வள்ளக்காரரின் பெயருக்கு ஒரு தட்டு, நண்டுக்கு ஒரு தட்டு, எல்லாம் ஒற்றை விரலால். நிறை தானாகவே கணனித் திரையில் தெரிகிறதுதான். இருந்தாலும் கூவாமல் விடுவதில்லை.

மூலோபாயத்தார் காங்கேசன்துறைப் பக்கம் ஒரு சங்கத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒரு பெட்டி பிரிக்காமல் கிடக்கிறதாகக் கேள்வி. "தம்பி, கணனி அசையுதில்லை" என்று போன் பண்ணினால் மட்டும், ஒன்றும் ஆராயாமல் மோட்டார்சைக்கிளில் வந்துவிடுவார். வந்து, முன்னும் பின்னும் பார்த்து, "ஒண்டும் இல்லையே அக்கா" என்று தலையைச் சொறிவார். நான் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றுவேன்.

நல்ல நண்டு வலையில் படுகிற நாட்களில்தான் எங்கள் கணனிக்குச் சுகமில்லாமல் போகும்.