ஒரே வரிசையில் நால்வர்

பீமாராவ் எதையும் எல்லையிலிருந்து தொடங்கிப் பழகியவர். வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவையராக முப்பத்தோராண்டுகள் பணியாற்றி, விளாங்குடியில் சொந்த வீடும் கட்டி, ஓய்வு பெற இன்னும் ஓராண்டே எஞ்சியிருந்த அவருக்கு, ஒரு பொருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாமல் அதைக் கடந்து செல்ல இயலாது. சோற்றின் முன் அமர்ந்தால், அரிசி எந்த ஆற்றுப் பாசனத்தில் விளைந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பிசைவார். திருமணமான மூன்றாம் நாள் மனைவி தமிழ்வாணியை நாயக்கர் மகாலுக்கு அழைத்துச் சென்று, தூண்களின் உயரத்தையும் சுற்றளவையும் விளக்கினார். வெளியே வந்ததும், உள்ளே எத்தனை தூண்கள் இருந்தன என்று கேட்டார். அவள் தவறாகச் சொன்னாள். மறுபடியும் உள்ளே அழைத்துச் சென்று, எண்ணிக் காட்டினார். அதை அவர் அன்பினால்தான் செய்தார்.

இந்தியா முழுவதையும் ரயிலிலேயே சுற்றிக் காட்டுவதாக அன்று மாலை அவர் ஒரு வாக்கும் கொடுத்தார். நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுப்பு, பட்டா முகாம், தேர்தல் பணி என்று அந்த வாக்கு ஆண்டுதோறும் தள்ளிப் போய், இருபத்தாறு கோடைகள் கடந்துவிட்டன. தமிழ்வாணி இன்றுவரை திண்டுக்கல்லைத் தாண்டியதில்லை. இப்போதோ மகள் ரோகிணிக்குப் புனேயில் வேலை கிடைத்துவிட்டது. மகன் தமிழ்மாறன் மேற்படிப்புக்காக ஐதராபாத் செல்லவிருந்தான். நால்வரும் ஒன்றாக அமர்ந்து பயணம் செய்ய இனியொரு வாய்ப்பு அமையுமா என்பது ஐயமே. ஆகவே பீமாராவ் பதினாறு நாள் விடுப்பு எடுத்தார். சென்னை, கொல்கத்தா, காசி, டெல்லி, ஜெய்ப்பூர், மும்பை என்று சுற்றி மதுரைக்கே திரும்பும் பதினோரு ரயில்களுக்கும் தமிழ்மாறன் தன் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்தான்.

முதல் ரயில், காலையில் சென்னைக்குப் புறப்படும் பகல் வண்டி. மதுரைச் சந்திப்பின் நடைமேடையில் நின்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. தமிழ்வாணிக்கு நான்காம் பெட்டி, ரோகிணிக்கு ஐந்தாம் பெட்டி, தமிழ்மாறனுக்கு ஏழாம் பெட்டி, பீமாராவுக்கு ஒன்பதாம் பெட்டி.

"லீவு நேரம்ப்பா. கம்ப்யூட்டர் எப்படிக் குடுக்குதோ அப்படித்தான்," என்றான் தமிழ்மாறன், கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நாலு பேரும் நாலு ஊருக்கா போறோம்? திண்டுக்கல் வாரதுக்குள்ள ஒரே வரிசையில உக்கார வச்சுக் காட்டுறேன்," என்றார் பீமாராவ்.

இருக்கிற இடத்தில் இருந்துகொள்ளலாமே, எதற்கு வீண் அலைச்சல் என்று தமிழ்வாணி மெல்லச் சொன்னாள். தம் உடல்நலத்தின் மீது அவளுக்கிருந்த அக்கறையை எண்ணி நெகிழ்ந்த பீமாராவ், முன்னிலும் உறுதி கொண்டார்.

வண்டி கூடல்நகரைக் கடக்கும்போது, விளாங்குடியில் அவர்கள் வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி ரயிலிலிருந்தே தெரியும். அதை மனைவிக்குக் காட்டியே தீர வேண்டுமென்று, ஒன்பதாம் பெட்டியில் பையை வைத்த கையோடு அவர் விரைந்தார். இட்லி விற்பவரும் காபி விற்பவரும் எதிரெதிரே வந்து நடுவழியில் நின்றுவிட்டபடியால், நான்காம் பெட்டியை அவர் அடைந்தபோது சமயநல்லூரே பின்னால் போய்விட்டிருந்தது.

தமிழ்வாணி ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்தாள். அவளை அடுத்து மைதீன் பீவி என்ற முதிய அம்மையார். நடைவழியை ஒட்டி அவருடைய கணவர் சேக் இஸ்மாயில். காஜிமார் தெருவைச் சேர்ந்த அவ்விருவரும் சென்னையிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்கின்றனர் என்பதை பீமாராவ் முதலில் விசாரித்து அறிந்தார். பிறகு தம் குடும்பத்தின் நிலையை எடுத்துரைத்து, ஒன்பதாம் பெட்டியில் காற்றோட்டம் மிகுதி என்றும் சொல்லி, இடம் மாறிக்கொள்ள இயலுமா என்று பணிவோடு கேட்டார்.

சேக் இஸ்மாயில் தம் மனைவியை ஒருமுறை பார்த்தார். பின்பு வலது முழங்காலைத் தடவத் தொடங்கினார்.

"மடக்க முடியல சார். இங்கன ஓரமா நீட்டிக்கிட்டுத்தான் வாரேன். ஒன்பதாவது பெட்டிக்கு நடந்தேன்னா, அங்கிட்டிருந்து என்னைய நீங்கதான் தூக்கிட்டு வரணும்."

முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் நல்லது, அது எந்த மாவட்டத்தில் கிடைக்கும் என்பதைப் பெரியவருக்கு விளக்கிவிட்டு பீமாராவ் திரும்பினார். தமிழ்வாணி சோழவந்தானின் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

மனைவியிடம் தாம் போக முடியாவிட்டால், பிள்ளைகளையாவது தம்மிடம் வரவழைக்கலாம் என்பது அவருடைய அடுத்த திட்டம். ஒன்பதாம் பெட்டியில் அவருக்குப் பக்கத்து ஜன்னலோரம் பேயாண்டி என்பவருடையது. செல்லூரில் விசைத்தறி வைத்திருக்கும் அவர், தறியில் நெய்த துண்டுகள் அடங்கிய மூன்று மூட்டைகளுடன் சென்னைக்குப் போகிறவர். அறிமுகமான ஐந்தாவது நிமிடத்திலேயே மாப்ள என்று அழைக்கத் தொடங்கியவர்.

"நான் எங்கிட்டு வேணாலும் உக்காருவேன் மாப்ள. மூட்டை எங்கூட இருக்கணும். அம்புட்டுத்தான்," என்றார் அவர்.

பேயாண்டி ஐந்தாம் பெட்டிக்குப் போனால் ரோகிணி இங்கே வந்துவிடுவாள் என்று கணக்கிட்ட பீமாராவ், இரண்டு மூட்டைகளைத் தாமே சுமந்தார். ஒன்று தலையில், மற்றொன்று கக்கத்தில். அளவைச் சங்கிலியைக்கூட உதவியாளர் தூக்கி வரப் பழகிய அந்தக் கைகள், நான்கு பெட்டிகளை அவ்வாறு கடந்தன. ஏழாம் பெட்டியில் தந்தையைக் கண்ட தமிழ்மாறன் பதறி எழுந்தான்.

"அப்பா, வேணாம்ப்பா. திரும்பிப் போயிருங்க."

வயதான தந்தை சுமக்கிறாரே என்று பிள்ளை வருந்துகிறான் என எண்ணிய பீமாராவ், பாரம் ஒன்றுமில்லை, வெறும் பருத்திதான் என்று ஆறுதல் கூறி நடந்தார்.

ஐந்தாம் பெட்டியில் ரோகிணியின் அருகே, பாண்டிமீனா என்ற இளம்பெண் கைக்குழந்தையோடு தனியே அமர்ந்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் அவள் பேயாண்டியையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா இருக்குற தைரியத்துலதான் அண்ணே பிள்ளைக்குப் பால் குடுக்குறேன். ஆம்பள ஆளு பக்கத்துல வந்து உக்காந்தா நான் என்ன செய்ய?"

"பாவம்ப்பா அவங்க," என்றாள் ரோகிணி. குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதில் நியாயம் இருந்தது. ஆகவே மூட்டைகள் வந்த வழியே திரும்பின. அதற்குள் வண்டி கொடைரோட்டில் நின்று புறப்பட்டிருந்தது. ஒன்பதாம் பெட்டியில், ஆளில்லாமல் கிடந்த இரண்டு இருக்கைகளிலும் பூ வியாபாரம் செய்யும் பெண்கள் இருவர் அமர்ந்திருந்தனர். கால் வைக்கும் இடமெல்லாம் மல்லிகைக் கூடைகள். இவை எங்கள் இருக்கைகள் என்று பீமாராவ் சொன்னார்.

"காலியாத்தானே கெடந்துச்சு? திண்டுக்கல்ல எறங்கிருவோம்ணே. அதுவரைக்கும் ஒருத்தர் உக்காரட்டும்," என்று அவர்களுள் மூத்தவள் சற்று ஒதுங்கி, நடு இருக்கையை மட்டும் விட்டுக்கொடுத்தாள்.

"செவனேன்னு ஜன்னலோரம் இருந்த மனுசன நகர்வலம் கூட்டிட்டுப் போயிட்டீங்களே மாப்ள," என்றார் பேயாண்டி. குற்ற உணர்ச்சி மேலிட, கிடைத்த அந்த ஒற்றை இருக்கையையும் பீமாராவ் அவருக்கே கொடுத்துவிட்டார்.

குடும்பத்தை ஒரே வரிசையில் அமர்த்தப் புறப்பட்டவர், இவ்வாறு தம் சொந்த இடத்தையும் இழந்து, பூக்கூடைக்கும் கதவுக்கும் இடையே நின்றார். கால்கள் கடுத்தன. ஆயினும் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. எப்படியும் நிற்கத்தானே போகிறோம்? தமிழ்வாணியின் அருகில் போய் நின்றால் என்ன? திண்டுக்கல்லைத் தாண்டும்போது, இதுதான் நீ இதுவரை வந்த எல்லை, இதற்கப்பால் எல்லாமே உனக்குப் புதிது என்று சொல்லலாம். இருபத்தாறு ஆண்டுகள் தாமதமாயினும், அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமை தமக்கு உண்டென்று அவர் கருதினார். மீண்டும் ஐந்து பெட்டிகள் நடந்தார்.

நான்காம் பெட்டியின் வாயிலில், கை கழுவும் இடத்தருகே மைதீன் பீவி நின்றிருந்தார். அவரைக் கடந்து உள்ளே பார்த்தால் தமிழ்வாணி தெரிந்தாள். ஜன்னல் கம்பியில் கன்னத்தைப் பதித்து, வெயிலேறிக்கொண்டிருந்த சிறுமலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகவும் அவளுக்கு நினைவில்லை. உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைத் தாம் எப்போது கடைசியாகக் கண்டோம் என்பது பீமாராவுக்கு நினைவு வரவில்லை. சிறுமலையின் உயரம் எத்தனை அடி என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்வதற்காக ஓரடி எடுத்து வைத்தார்.

மைதீன் பீவி வழியை மறித்தாற்போல நின்றார். சொல்லலாமா வேண்டாமா என்று சிறிது தயங்கினார்.

"இம்புட்டு நேரமா நீங்க அலையிறதப் பாக்க எனக்கு மனசு கேக்கல தம்பி. வேணும்னா என் இடத்துல போய் உக்காருங்க. ஆனா, ஒங்களுக்கு இடம் விட்றாதீங்கன்னு எங்க கையப் புடிச்சுக் கேட்டது ஒங்க சம்சாரந்தான். பதினோரு ரயிலுக்கும் தனித்தனியா டிக்கெட்டுப் போடச் சொன்னதும் அதுதானாம். 'அவுக பக்கத்துல இருந்தா நான் கேட்டுக்கிட்டேதான் வரணும். ஒரு தடவையாச்சும் பாத்துக்கிட்டு வாரேனே'ன்னுச்சு."

பீமாராவ் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு ஆண்டுகளில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதையும் அவள் அவரிடம் கேட்கவில்லை.

வண்டி வேகம் குறைந்து திண்டுக்கல் நிலையத்துக்குள் நுழைந்தது. உள்ளே தமிழ்வாணி நிமிர்ந்து அமர்ந்து, நிலையத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"வேணாம்மா, நீங்க போய் உக்காருங்க," என்றார் பீமாராவ், தாழ்ந்த குரலில். "நான் ஒன்பதுலயே இருந்துக்கிறேன். இங்க வந்தேன்னு அவகிட்டச் சொல்ல வேணாம்."