கடைசியாக வந்த ஒலிப்பதிவு

கையால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஒரு மாதம் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவதுதான் எங்கள் தொழில். (வெளியே சொல்லிவிடாதீர்கள்.)

அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமல்லபுரத்தில் சுற்றுலா வழிகாட்டி. கத்திக் கத்தித் தொண்டை போகிறது என்று, பயணிகள் காதில் மாட்டிக் கேட்கச் சின்னச் சின்ன பிளேயர்கள் வாங்கினார். ஒவ்வொரு சிற்பத்துக்கும் தன் பேச்சைப் பதிவு செய்து அவற்றில் ஏற்ற வேண்டும். செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிற நான் இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பார்?

"ஒண்ணொண்ணா சொருகி காப்பி பண்ணா முடிஞ்சிது. இதுக்கு இன்னாத்துக்கும்மா புரோகிராமு?" என்றார்.

எனக்கு அது மானப் பிரச்சினை. பிளேயரைச் செருகியதும் பழையதை அழித்துப் புதியதை வரிசையாக ஏற்றுகிற ஒன்றை எழுதினேன். மாமா என் போனில்தான் பேசினார். பதிவுகள் தானாக லேப்டாப்புக்கு வந்துவிடும். பள்ளிகொண்ட பெருமாள் சிற்பத்துக்கு மட்டும் அவருக்குத் திருப்தியே வரவில்லை. மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதனால் பெருமாளுக்கு மட்டும் 'கடைசியாக வந்த பதிவை எடுத்துக்கொள்' என்று எழுதிவைத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்ட இடம் அது.

முதல் குழுவில் வந்தவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால், இனி எல்லாக் குழுவையும் மாமாவிடமே அனுப்புவதாக டிராவல்ஸ்காரர் சொல்லியிருந்தார். காலையில் எல்லாவற்றிலும் ஏற்றி, முதல் பதிவைக் கேட்டுப் பார்த்தேன். அருமை. (மீதியைக் கேட்டிருக்கலாம்.) இதெல்லாம் நம்ம வித்யா பண்ணது என்று மாமா என்னை முன்னால் நிறுத்தி அறிமுகம் செய்தார். தன்னடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

குகைக்குள் பெருமாள் முன்னால் எல்லோரும் பொத்தானை அழுத்தினார்கள். ஓர் அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினார். சாமி தூங்குவதை எவ்வளவு இயல்பாகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒருவர் வியந்தார். மாமாவின் பேச்சில் அப்படி எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு பிளேயரை வாங்கிக் காதில் வைத்தேன்.

குறட்டை. ஏற்ற இறக்கத்தோடு, நடுநடுவே விசிலோடு, குறை சொல்ல முடியாத குறட்டை. அது ஓய்ந்ததும் என் கணவரின் குரல் நிதானமாகச் சொன்னது:

"கேட்டுக்க வித்யா. இது நீதான். எழுந்து, நான் குறட்டையே வுடறதில்லன்னு சொல்லாத."

முந்தைய இரவு, சாட்சிக்காக என் போனிலேயே பதிவு செய்திருக்கிறார் மனிதர். என் புரோகிராம் ஒரு பிழையுமில்லாமல் வேலை செய்திருந்தது.

அத்தனை ஆசிரியர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாடம் படிக்காமல் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். முதலில் சிரித்தவர் அந்தக் கைகூப்பிய அம்மாதான். பிறகு குகையே சிரித்தது.

குழுக்கள் தொடர்ந்து வந்தன. அவர்களில் சிலர், குறட்டை கேட்கும் குகை எது என்றுதான் முதலில் விசாரித்தார்களாம்.

இன்றும் விசேஷ வீடுகளில் சாப்பிட்ட அசதியில் நான் ஓர் அறையில் சாய்ந்தால், மாமா வாசலில் நின்று வருகிறவர்களை மறிக்கிறார்.

"செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. உள்ள பள்ளிகொண்டுக்கினு கீது."