கரியாலூரில் என் பெட்டி வாய் திறந்த கதை

மனதில் இருப்பதை நேரில் சொல்லத் தைரியமில்லாதவன் மைக்குக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றாலும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நான் நின்றேன், வாயை மூடவில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் இன்று எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது.

பகலில் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை. முகூர்த்த நாட்களில் கிட்டார். எங்கள் இன்னிசைக் குழுவின் முதலாளி, டிரம்ஸ் வாசிப்பவர், வேன் ஓட்டுபவர், எல்லோரையும் திட்டுபவர் எல்லாம் ஒரே ஆள்தான், முருகேசண்ணன். அவருடைய தங்கை கலா எங்கள் பாடகி. அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அந்தக் கலாவும் நானும் ஒருவரையொருவர் விரும்பினோம். அண்ணனுக்கு மட்டும் தெரியாது.

"எங்க அண்ணன் வேணாம்னு சொன்னா நான் வரமாட்டேன். நீங்கதான் நேரா போயி கேக்கணும்" என்று கலா கறாராகச் சொல்லிவிட்டாள். கேட்கலாம்தான். ஆனால் டிரம்ஸ் குச்சி அண்ணன் கையில் பல்குச்சி மாதிரி தெரியும். அவ்வளவு பெரிய கை. ஒவ்வொரு கச்சேரிக்கும் இன்றைக்குக் கேட்டே தீருவது என்று கிளம்புவேன். அவர் முன்னால் போய் நின்றதும், "அண்ணே, டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். (அந்தக் காலத்தில் அண்ணன் நிறைய டீ குடித்தார்.)

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது திருக்கோவிலூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை கலாவைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு முன்னால் எங்களுக்கு இருந்தது ஒரே கச்சேரி, கல்வராயன் மலையில் கரியாலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. மலையேறும்போது வேனில் வைத்து அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று நாங்கள் முடிவெடுத்தோம். (நாங்கள் என்றால் கலா. நான் தலையாட்டினேன்.)

இந்த இடத்தில் என் பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டும். கிட்டார் சத்தத்தைப் பெருக்க அதுவரை என்னிடம் இருந்த ஆம்ப் ஓர் அரிசி மூட்டை கனம். மலை வளைவுகளில் வேன் திரும்பும்போதெல்லாம் அது என் மடியில் வந்து உட்காரும். அதற்குப் பதிலாக டிஜிட்டல் ஆம்ப் மாடலர் என்ற சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும். காலால் மிதிக்க வரிசையாக இரும்புப் பொத்தான்கள். ஒன்றை மிதித்தால் ஓர் ஆம்பின் சத்தம், இன்னொன்றை மிதித்தால் இன்னொன்று. ஆம்பே வேண்டாம், நேராக மைக்செட்டில் செருகிவிடலாம்.

"பெரிய பெரிய ஆம்போட சத்தமெல்லாம் இதுக்குள்ளயே இருக்குதுண்ணே" என்று பெருமையாகக் காட்டினேன்.

அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் அதுக்குள்ளயே இருந்தா, அப்புறம் நீ இன்னாத்துக்குடா?" என்றார்.

வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சி செய்தேன். வீடியோக்களில் வாசிப்பவர்கள் எல்லாரும் ஷூ போட்டிருந்ததால் நானும் ஷூ போட்டுக்கொண்டேன். ஷூ நுனியால் ஒவ்வொரு பொத்தானாக அழகாக மிதித்தேன். எங்கள் மேடையில் சாமி படமும் விளக்கும் இருக்கும், செருப்புக்கூடப் போட்டுக்கொண்டு ஏற மாட்டோம் என்பது பத்து வருஷமாக மேடையேறுகிற எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

கரியாலூர் போகும் வழியில் அண்ணனிடம் சொன்னேனா? சொல்லவில்லை. வளைவில் சொன்னால் அதிர்ச்சியில் வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிடுவார், நேரான சாலை வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த மலையில் நேரான சாலைக்கு நான் எங்கே போவது? பின்சீட்டிலிருந்து கலா என் முதுகையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

மைக்செட்காரர் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். அவரிடம் ஓர் இணைப்பு குறைந்ததால், நான் பின்பாட்டுப் பாடும் மைக்கையும் என் பெட்டியிலேயே செருகிக்கொண்டேன். அதற்கும் அதில் வசதி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெறுங்காலோடு மேடையேறினேன்.

முதல் சில பாட்டுகள் நன்றாகவே போயின. பொத்தான் விரலில் குத்தியதால் பாதத்தின் முன்பக்கம் முழுவதையும் வைத்து அழுத்தினேன், அவ்வளவுதான். பிறகு மேளதாளத்தோடு பொண்ணு மாப்பிள்ளை வந்தார்கள். மைக்செட்காரர் எங்கள் சத்தம் அத்தனையையும் குறைத்துவிட்டார். நானும் என் பங்குக்குச் சத்தத்தை அணைக்கிற பொத்தானை மிதித்தேன். பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கியது.

இரண்டையும் சேர்த்து மிதித்தால் அந்தப் பெட்டி வேறொரு வேலை செய்யும். அந்த நேரத்தில் உள்ளே வருகிற சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி மிதித்தால், நிறுத்தும் வரை அதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கும். தனியாக உட்கார்ந்து பழகுகிறவர்களுக்கான வசதி. கையேட்டில் அந்தப் பக்கத்தை நான் படிக்காமல் புரட்டியிருந்தேன்.

மேளச் சத்தத்துக்கு நடுவே கலா பக்கத்தில் வந்தாள். "சொல்லிட்டீங்களா?"

நான் மைக்குக்கு நேராக நின்றபடி பதில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றிக்கொள்ளும். விறுவிறுவென்று தன் இடத்துக்குப் போனாள். மேளம் நின்றது.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? அடுத்த பாட்டு!" என்று அண்ணன் கத்தினார். அவசரமாக மிதித்தேன், மறுபடி இரண்டும் சேர்ந்து அமுங்கின. மைக்செட்காரர் சத்தத்தை ஏற்றினார். பின்னணியில் மேளம் மங்கலாகக் கேட்க, மரத்துக்கு மரம் என் குரல் கிளம்பியது.

"கலா, ஒங்க அண்ணன பாத்தா எனக்கு பயமா இருக்குது. நம்ம கல்யாண விசயத்த நீயே சொல்லிடு."

யாரோ என்னைப் போலவே பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அது மறுபடி சொன்னது. பதறிப்போய் அடுத்த பொத்தானை மிதித்தேன். சத்தம் நிற்கவில்லை, ஆம்ப்தான் மாறியது. இப்போது கூத்தில் வருகிற ராட்சசன் குரலில், "எனக்கு பயமா இருக்குது!" அடுத்ததை மிதித்தேன். கிணற்றுக்குள்ளிருந்து, "நீயே சொல்லிடு... சொல்லிடு... லிடு..." பெரிய ஆம்புகளின் சத்தமெல்லாம் இதற்குள் இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யில்லை. ஒன்று விடாமல் அத்தனையிலும் நான் பயந்தேன்.

இதைவிடக் கொடுமை பின்னால் நடந்துகொண்டிருந்தது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் டிரம்ஸ்காரன் கை சும்மா இருக்காது. இது பாட்டின் ஆரம்பம் என்று நினைத்து அண்ணன் அதற்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். பிரமாதமாகப் பொருந்தியது. சின்னப் பசங்கள் முன்னால் வந்து ஆடினார்கள். கூட்டம் கைதட்டியது. வரி அவர் காதில் ஏற ஏறத் தாளம் மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

நான் குனிந்து ஒயரைப் பிடுங்கினேன். அண்ணன் எழுந்து வந்தார். நான் கிட்டாரைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டேன்.

"டேய், எங்கிட்ட இத சொல்றதுக்கா இந்தப் பொட்டிய வாங்கன?"

அவர் கலா பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, நெசமா?"

கையில் மைக் இருப்பதைக் கலா மறந்திருந்தாள். "நெசந்தாண்ணா. ஒங்கள நேரா கேக்கச் சொல்லி ஒரு வருசமா சொல்லிக்கினு இருக்கறேன். அந்தாளு டீ வாங்கிக் குடுத்துட்டு வந்துடறாரு" என்றாள். மலையே சிரித்தது. மாலையும் கழுத்துமாக நின்ற கல்யாணப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையிலிருந்து, "பயப்படாத தம்பி, நாங்கல்லாம் இருக்கறோம்" என்று குரல் கொடுத்தார்.

"பாட்ட பாடு. மீதிய வூட்ல பேசிக்கலாம்" என்று அண்ணன் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் அடித்த ஒவ்வோர் அடியும் என் முதுகுக்கு வர வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

திரும்பும்போது அடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் அண்ணன் வண்டியை நிறுத்தினார். பழக்க தோஷம், என்னையறியாமல், "அண்ணே, டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"சாப்புடறேன். நாயித்துக்கெழம அவங்கள வர வேணாம்னு சொல்லிடறேன். ஒங்க அப்பாவ கூட்டிக்கினு நீ வா. வாயால கேளு. பொட்டிய எடுத்துக்கினு வராத."

போனேன். வாயால் கேட்டேன். (பாதி வரைக்கும். அப்பாதான் முடித்து வைத்தார்.)

பெட்டி இன்றைக்கும் கச்சேரிக்கு வருகிறது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பொத்தான்கள் மேல் சோடா மூடி ஒட்டியிருக்கிறேன், வெறுங்காலில் இரண்டு சேர்ந்து அமுங்காது. ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் பெரிய சந்தனப் பொட்டு அதற்குத்தான். நான் செய்திருக்க வேண்டிய காரியத்தை எனக்காகச் செய்த பெட்டிக்கும், ஒயரைப் பிடுங்கிய பிறகு என் கழுத்தைப் பிடிக்காத அந்த மனுஷனுக்கும் நான் என்றென்றும் கடன்பட்டவன். இதைச் சொல்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

வீட்டில் அந்த வரி மட்டும் ஓயவில்லை. பரீட்சையில் மார்க் குறைந்தால் என் மகள் என்னிடம் வந்து, "அப்பா, அம்மாவ பாத்தா எனக்கு பயமா இருக்குது, நீயே சொல்லிடு" என்பாள். சொந்தக்காரர்கள் முதல் உரக்கடை முதலாளி வரை சொல்லாதவர் இல்லை.

போன மாதம் முருகேசண்ணன் வீட்டுக்கு வந்தார். இப்போது அவரை மச்சான் என்று கூப்பிடுகிறேன். டாக்டர் அவரை இனிப்பைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அண்ணனின் சாப்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கலா எடுத்துக்கொண்டிருக்கிறாள். அன்று ஒரு கல்யாணப் பந்தியில் அவர் ஜாங்கிரியை ஒரு கை பார்த்துவிட்டு, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பெரிய கையால் என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"மாப்ள, கலாவ பாத்தா எனக்கு பயமா இருக்குது. நீயே சொல்லிடு."